கடைசிப் பந்திக்கு முன்னால் ஒரு போன்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் புதுச்சத்திரம். முகூர்த்த நாளில் இந்தப் பக்கம் எந்த மண்டபத்துச் சமையல்கட்டை மத்தியானம் மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். மூடி திறக்காத ஓர் அண்டா சோறு, அரை அண்டா சாம்பார், தட்டு நிறைய இனிப்பு. பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர், "இத்தனையும் வீணாப் போகுதுங்களே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வார். அங்கிருந்து அரை மணி தூரத்துக்குள் அந்தச் சோற்றைச் சாப்பிட ஆளும் இருக்கும். சோறு இங்கே, பசி அங்கே, நடுவில் நல்ல தார்ச்சாலை. பிறகும் ஏன் இரண்டும் சேருவதில்லை? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், சோறு ஏன் மீறுகிறது? ஆயிரம் பேருக்குச் சமையல் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ. அன்றைக்கே அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு கல்யாணம். மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே அடுத்த மண்டபத்துக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. 150 பேர் அப்படிப் போனால் 15 கிலோ அரிசி, அதாவது சுமார் 40 கிலோ சோறு நிற்கும். இதில் யாருடைய ஊதாரித்தனமும் இல்லை. சோறு மீந்தால் ஒரு நாள் வருத்தம், பந்தியில் சோறு பத்தாமல் போனால் ஒரு தலைமுறைக்குப் பேச்சு. எந்த வீட்டுக்காரரும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அடுத்து, மீந்தது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வகை. இலையில் மிச்சம் வைத்தது ஒன்று. அது எச்சில், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பந்தியில் வாளியிலும் தாம்பாளத்திலும் எடுத்துச் சுற்றிவிட்டு மிஞ்சியது இன்னொன்று. பல கைகள் பட்டிருக்கும், மூடாமல் நெடுநேரம் இருந்திருக்கும், ஆகவே சந்தேகத்துக்குரியது. சமையல்கட்டை விட்டு வெளியே வராமல் அண்டாவிலேயே இருப்பது மூன்றாவது. உணவு மீட்பு என்று நாம் பேசப்போவது இந்த மூன்றாவதை மட்டும்தான். இந்தப் பிரிவு மனதில் நின்றால், "மிச்சத்தையா கொடுக்கிறது?" என்கிற கூச்சம் பாதி போய்விடும். வீட்டாரின் இலையில் விழுந்திருக்க வேண்டிய அதே சோறுதான் அது.

சரி, மூன்றாவது வகையை எடுத்துப்போய்க் கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பான எண்ணம் குறுக்கே வருகிறது. பந்தியெல்லாம் முடிந்த பிறகுதான் சோறு மீந்ததாகிறது, அதற்கப்புறம் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தால் போதும் என்று நினைக்கிறோம். நமக்கு அந்தச் சோறு மூன்று மணிக்கு மீந்தது. சோற்றின் நேரமோ காலையில் அடுப்பிலிருந்து இறக்கியபோதே ஓட ஆரம்பித்துவிட்டது. உணவு மீட்பில் இருக்கிற கஷ்டமெல்லாம் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியில் சோற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அரிசியோடு வயல் மண்ணிலிருந்தே ஒரு கிருமி வருகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். பல கிருமிகள் கொதிநீரில் செத்துப்போகும். இது மட்டும் தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஒடுங்கிவிடும். அந்த நிலைக்கு வித்து என்று பெயர். மானாவாரிக் காட்டில் கோடை முழுக்க மண்ணுக்குள் காய்ந்து கிடந்துவிட்டு, ஒரு மழை பெய்ததும் முளைக்கிற விதையைப் போலத்தான் இதுவும். சோறு கொதிக்கும்வரை சும்மா கிடக்கும். இறக்கி, சூடு குறைந்து, ஈரமும் இதமான வெதுவெதுப்பும் கிடைத்ததும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும்.

எந்தச் சூட்டில் இந்த ஆபத்து? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆவி பறக்க இருக்கலாம், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இதைக் கொஞ்சம் விரித்து வைத்திருக்கிறார்கள். இந்த இடைப்பட்ட சூட்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு பயன்படுத்தலாம். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பெருக்கல் கணக்குதான் காரணம். இதமான சூட்டில் சில கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4,096. முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த இரண்டு மணி நேரத்தில்தான் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறுகிறது. "அரை மணி லேட்டானா என்னங்க" என்று நாம் சொல்கிற அந்தக் கடைசி அரை மணி, முதல் அரை மணியைப் போன்றதல்ல.

அண்டா இதில் இன்னொரு சிக்கல். வீட்டுக் குண்டாவில் இருக்கும் சோறு சீக்கிரம் ஆறிவிடும். 40 கிலோ சோறு ஒரே குவியலாக இருந்தால் மேலே தொட்டுப் பார்க்க ஆறியிருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு அடங்காது. கிருமிக்கு ரொம்பப் பிடித்த சூடு அதுதான். அதனால் மீட்க நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. அடுத்த பந்திக்கு வேண்டியிருக்கும் என்றால் கொதிக்கக் கொதிக்க மூடி, சூடு இறங்காமல் வைப்பது. அல்லது அகலமான தட்டுகளில் கனமில்லாமல் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டுக் குளிரில் வைப்பது. இரண்டும் இல்லாமல் அண்டாவிலேயே அரைச் சூட்டில் விடுவதுதான் மோசம், நாம் வழக்கமாகச் செய்வதும் அதுவே.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். திரும்பச் சூடு பண்ணினால் சரியாகிவிடாதா? கிருமி சாகும், உண்மைதான். ஆனால் இந்தக் கிருமி வளரும்போது சோற்றுக்குள் ஒரு நஞ்சையும் விட்டுவைக்கிறது. செரியுலைடு என்று பெயர். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைப்பது அதுதான். 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது சிதைவதில்லை என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். பிரஷர் குக்கரின் சூடே கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆக, கழிந்துபோன நேரத்தை எந்த அடுப்பும் திருப்பித் தராது. ஊசிப்போன வாடையும் வராது. மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்கிற நம் மூக்கை இந்த ஒரு விஷயத்தில் நம்ப முடியாது.

"அப்படின்னா பழைய சோறு தின்னு வளந்தோமே, அது எப்படிங்க?" நல்ல கேள்வி, பதிலும் சுவையானது. பழைய சோற்றில் நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். சோறு சீக்கிரம் ஆறுகிறது. ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீரில் வேறொரு நல்ல கிருமிக் கூட்டம், தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலக் கிருமிகள், பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பு ஏறிய இடத்தில் சீரியஸ் போன்றவை செழிக்காது. அளவும் சின்னச் சட்டி, விடிந்ததும் காலி. மண்டபத்து அண்டாவில் இதில் எதுவுமே இல்லை. தண்ணீர் இல்லை, புளிப்பு இல்லை, சூடும் இறங்கவில்லை. பழைய சோறு ஒரு பக்குவம். அண்டாவில் மறந்துவிட்ட சோற்றுக்கு அந்தப் பக்குவம் நடக்கவில்லை.

இப்போது ஒரு நாளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்கலாம். காலை 10:30க்குக் கடைசி உலை இறங்குகிறது. 11:30க்கு முதல் பந்தி. 2:30க்குக் கூட்டம் கலைகிறது. பெண்ணை அனுப்புகிற அலைச்சலில் 4 மணிக்குத்தான் யாரோ ஒருவருக்கு அண்டா ஞாபகம் வருகிறது. தெரிந்தவர்களிடம் நம்பர் வாங்கிப் பேசி, வண்டி வந்து, ஏற்றி, ஒரு இல்லத்தில் இறக்கும்போது மணி 6. அங்கே பரிமாறுவது 7:30க்கு. அடுப்பை விட்டு இறங்கி ஒன்பது மணி நேரம். நல்ல மனதுக்கு எந்த இடத்திலும் குறைவில்லை, ஆனாலும் அந்தச் சோற்றைக் கொடுக்கக் கூடாது.

அதே நாளை வேறு மாதிரி ஓட்டலாம். ஒரு மணிக்கு இரண்டாம் பந்தி எழுகிறது. வெளியே காத்திருக்கும் தலைகளைப் பார்த்தாலே சமையல் மாஸ்டருக்குக் கணக்குத் தெரிந்துவிடும். "ஒரு அண்டா நிக்கும்" என்று அவர் அப்போதே சொல்லிவிடுவார், அவர் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. அப்போதே போன் போகிறது. கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, மூடிய பாத்திரத்தில் சூடாக இருக்கும் சோறு வண்டியில் ஏறுகிறது. நாமக்கல் பக்கமோ ராசிபுரம் பக்கமோ, இரண்டரை மணிக்குள் இலையில் விழுந்துவிடும். சோறு அதே, மனிதர்கள் அவர்களே. போன் மட்டும் மூன்று மணி நேரம் முன்னால் போனது.

வாங்குகிற பக்கத்திலும் ஒரு கடிகாரம் உண்டு. அதை நாம் அநேகமாக மறந்துவிடுகிறோம். முதியோர் இல்லத்திலும் பிள்ளைகள் விடுதியிலும் அவர்களுக்கென்று ஒரு சமையல்கட்டு இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே உலை வைத்துவிடுவார்கள். நாம் ஆறு மணிக்கு 40 கிலோ சோற்றோடு போய் நின்றால், அவர்கள் சமைத்தது மீறும். வீணாவது இங்கேயிருந்து அங்கே இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். முகம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் போன பிறகு கொட்ட வேண்டிய சங்கடம் அவர்களுக்கு. உலை வைக்கும் முன்னால் சொன்னால் அன்றைய அரிசி அவர்களுக்கு மிச்சம். நாம் கொடுத்த உதவி அந்த அரிசிதான்.

இந்த இரண்டு பக்கத்தையும் இணைப்பதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் நம் கொங்குப் பகுதியிலேயே இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 2014இல் பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, பின்னர் வேறு ஊர்களுக்கும் பரவியது. கூப்பிட ஒரு பொது எண், எடுக்க வண்டி, கொடுக்க வேண்டிய இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்த வரைபடம். அந்த மூன்றாவதுதான் முக்கியம். சோறு கைக்கு வந்த பிறகு பசித்தவரைத் தேட ஆரம்பித்தால் நேரம் தேடுவதிலேயே போய்விடும். எந்த இடத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வண்டி நேராகப் போகும்.

சென்னை பெசன்ட் நகரில் 2017இல் பல் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் வேறு வழியை எடுத்தார். 'அய்யமிட்டு உண்' என்று பெயரிட்டு, தெருவோரத்தில் ஒரு பொது ஃபிரிட்ஜை வைத்தார். வீட்டில் நல்லதாக மீந்ததை வைக்கலாம், வேண்டியவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இதுவரை நாம் பேசியதை வைத்துப் பார்த்தால் அது வேலை செய்யும் விதம் புரியும். கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை, நடுவில் இருக்கிற நேரத்தைக் குளிர் தாங்கிக்கொள்கிறது. கை நீட்டி வாங்குகிற கூச்சமும் இல்லை. ஆனால் அது வீட்டுப் பொட்டலங்களுக்கு ஏற்றது. மண்டபத்து அண்டாவை அதற்குள் வைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன் சாரம் வீட்டு அறிவுதான். உபரியைத் தனியே பிரித்து வை, சுத்தமான பாத்திரத்தில் மூடு, உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று எழுது. 'எப்போது சமைத்தது' என்கிற வரியை மட்டும் பாத்திர மூடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டும் பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வாங்குகிறவர் எத்தனை மணிக்குள் பரிமாற வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே அவசரம் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி, குருமா, பால் பாயசம், கறி, இவையெல்லாம் முதலில் கெடும். சோறும் சாம்பாரும் அடுத்து. இரண்டையும் கலந்து பொட்டலம் கட்டினால் இன்னும் சீக்கிரம் போய்விடும், தனித்தனியாகத்தான் போக வேண்டும். புளிசாதத்துக்குப் புளிப்பு கொஞ்சம் துணை. லட்டு, மிக்சர், அப்பளம், வாழைப்பழம் நாளைக்கும் காத்திருக்கும். நாமக்கல்காரர்களுக்கு முட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் ஒன்று. அவித்த முட்டைதான் அதிக நாள் தாங்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. பச்சை முட்டை ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு, அவிக்கும்போது அது போய்விடுகிறது. பிரியாணிக்காக அவித்து உரித்த முட்டை அன்றைக்கே தீர வேண்டியது.

இந்த வரிசை எப்போது கைகொடுக்கும் என்றால், முதல் நாள் இரவு வரவேற்பில். பத்தரை மணிக்குப் பந்தி முடியும்போது இல்லங்களில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். பெரும்பாலான மண்டபங்களில் அவ்வளவையும் வைக்கக் குளிர் அறை கிடையாது. அப்போது பலகாரம், பழம், பொரித்த வகைகளை மட்டும் மூடி வைத்துக் காலையில் அனுப்பலாம். சோற்றையும் குருமாவையும் விடியும்வரை வைத்திருந்து கொடுப்பது தர்மமாகத் தெரியும், விளைவு வாந்திபேதியாக இருக்கலாம்.

வெளிநாட்டில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்களே என்பார்கள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1967இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதுதான் உலகின் முதல் உணவு வங்கி. பிரான்ஸ் 2016இல் சட்டமே போட்டது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத நல்ல உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே பெரும்பாலும் கைமாறுவது டின், பாக்கெட், ரொட்டி, பழம். அவற்றுக்கு நாள்கணக்கு, மாதக்கணக்கு. நம் மண்டபத்துச் சோற்றுக்கு மணிக்கணக்கு. அதனால் அவர்களுடைய கிடங்கை நகலெடுப்பதைவிட, நமக்கு வேண்டியது அரை மணி தூரத்துக்குள் ஒரு வண்டியும் ஒரு போன் எண்ணும்.

"மாட்டுக்குப் போட்டா போச்சு" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பழக்கமில்லாத மாடு குவியலாகக் கொட்டிய சோற்றை வயிறு முட்டத் தின்றால், அதன் முதல் வயிற்றில் சோறு வேகமாகப் புளித்து அமிலம் கட்டிவிடும். மாடு அசைபோடாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும். சிகிச்சை தாமதித்தால் உயிரே போகும். கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன நோய். மண்டபத்துக்குப் பின்னால் கொட்டுவது தானமாகாது.

இதனால் பசி ஒழிந்துவிடுமா என்றால், ஒழியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். ஹோட்டல், மண்டபம் போன்ற இடங்களின் பங்கு 28 சதவீதம். பசியோ தினமும் மூன்று வேளை வருவது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பசிக்கு அப்படி விடுமுறை இல்லை. தினப்பசிக்கு நம் ஊரில் வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ரேஷன் அரிசி. மீட்ட சோறு இவற்றுக்குப் பதிலாகாது. அது ஒரு இல்லத்துக்கு ஒரு நாள் நல்ல சாப்பாடு, அவர்களுக்கு ஒரு நாள் அரிசி மிச்சம். அதோடு அந்தச் சோற்றுக்காகச் செலவான தண்ணீரும் வீணாகவில்லை. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. கிணற்று ஆழம் தெரிந்த இந்த மேட்டுக்காட்டு ஊர்களில் அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, செய்வது யார்? கல்யாண வீட்டில் எல்லோருக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கிறோம். மொய் எழுத ஒருவர், சந்தனம் கொடுக்க ஒருவர், பந்தி பார்க்க ஒருவர். அந்தப் பந்தி பார்க்கிறவரிடமே இதையும் ஒப்படைத்துவிடலாம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே ஒரு இல்லத்திலோ அமைப்பிலோ பேசி, தேதியைச் சொல்லி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு இரண்டாம் பந்தி எழும்போது மாஸ்டரிடம் ஒரு வார்த்தை, பிறகு ஒரு போன். மாஸ்டரிடம் இன்னொன்றும் சொல்லி வைக்கலாம். கடைசி உலைக்கான அரிசியைத் தலையெண்ணிப் பார்த்துவிட்டுக் களையச் சொல்லுங்கள். சோற்றுக்குத்தான் நான்கு மணி நேரம். மூட்டையில் இருக்கும் அரிசி மாதக்கணக்கில் காத்திருக்கும், அதை எந்த நாளிலும் யாருக்கும் கொடுக்கலாம்.